தோப்புக்குள் நூறு ஆடு வளர்ப்பது எப்படி?

பட்டுக்கோட்டைப் பக்கமோ பேராவூரணிப் பக்கமோ உங்களுக்கு 4 ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. 25 அடிக்கு ஒரு மரம், ஏக்கருக்கு 70 மரம். மேலே காய், கீழே வெறும் நிழல். போகிறவர் வருகிறவர் எல்லாம் "இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே, நாலு ஆடு விட்டா என்ன?" என்று கேட்டிருப்பார்கள். நீங்களும் அந்த நாலை நூறாக்கி மனக்கணக்குப் போட்டு வைத்திருப்பீர்கள். அந்தத் துணிச்சலுக்கு முதலில் ஒரு கைதட்டல். கீழே வருவதில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மீதியையும் முறையாகச் செய்தால் ஆடு, புல், மரம், மண் நாலையும் ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

1. எண்ணிக்கையை மானியத்திலிருந்து தொடங்குங்கள்.

எத்தனை ஆடு என்பதைப் புல்லைப் பார்த்து முடிவு செய்வது கிழவர்களின் வேலை. தேசிய கால்நடை இயக்கத்தில் மானியம் 100 பெட்டை, 5 கிடா என்ற அளவிலிருந்து ஆரம்பிக்கிறது. செலவில் பாதி, 10 லட்சம் வரை. ஆகவே உங்கள் தோப்பு 100 பெட்டையையும் 5 கிடாவையும் தாங்கும். தாங்கும் என்று விண்ணப்பத்திலேயே எழுதியாயிற்று. புல்லுக்குப் படிக்கத் தெரியாதது உங்கள் குற்றமா?

எட்டுப் பெட்டையில் ஆரம்பித்து, ஒரு மழையும் ஒரு கோடையும் பார்த்துவிட்டு, பிறந்த குட்டிகளைக் கொண்டே மந்தையைப் பெருக்கும் அத்தை ஒருவர் உங்கள் ஊரில் இருப்பார். அவரிடம் யோசனை கேட்காதீர்கள். அவருக்கு மானியம் கிடைக்கவில்லை.

2. தீவனக் கணக்கை நோட்டீஸிலிருந்து எடுங்கள்.

இதுதான் முக்கியமான படி, நிதானமாகப் படியுங்கள். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கோ-4 ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 400 டன் வரை விளையும் என்று போட்டிருக்கும். ஏக்கருக்கு 160 டன். நாளுக்கு 438 கிலோ. ஆட்டுக்கு 4 கிலோ பசுந்தீவனம் என்று வையுங்கள்: ஏக்கருக்கு 109 ஆடு. 4 ஏக்கருக்கு 436! நூறோடு நிறுத்திக்கொண்டீர்களே, அது உங்கள் தன்னடக்கம்.

அந்த 400 டன் நல்ல வெயிலில், தண்ணீரும் உரமும் குறைவில்லாமல் கொடுத்து, 45 நாளுக்கு ஒருமுறை அறுத்த வயலில் வந்தது என்று யாராவது குறுக்கே பேசுவார்கள். தென்னைக்கு 8 வயதிலிருந்து 25 வயது வரை தோப்புக்குள் வெளிச்சம் இறங்குவதே அபூர்வம், அந்த வயதுத் தோப்பில் நேப்பியர் மெலிந்து வெளுத்து நிற்கும், நிழல் தாங்கும் கினியாப் புல்லைப் போடு என்பார்கள். கேட்காதீர்கள். யூடியூப் வீடியோவில் புல் ஆள் உயரம் நின்றது. அந்த வீடியோவில் தென்னைமரமே இல்லை என்பது ஒரு விஷயமா?

இன்னொரு தொல்லையும் உண்டு. தென்னையின் சாப்பாட்டு வேர்கள் பெரும்பாலும் அடிமரத்திலிருந்து 2 மீட்டருக்குள்தான் இருக்கின்றன. அந்த வட்டத்தை மரத்துக்கு விட்டுவிட்டு மிச்ச இடத்தில் புல் போடு என்பார்கள். 70 வட்டத்துக்கு 880 சதுர மீட்டர். ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். வாய்க்கால், வண்டிப்பாதை, மட்டை குவிக்கிற இடம் எல்லாம் கழித்தால் நெஞ்சு வலிக்கும். கழிக்காதீர்கள். வட்டப்பாத்திக்குள்ளேயே, அடிமரத்தை ஒட்டிக் கரணையை ஊன்றுங்கள். மரத்துக்குப் போடுகிற யூரியாவைப் புல் எடுத்துக்கொள்ளும், புல்லுக்குப் பாய்ச்சுகிற தண்ணீர் மரத்துக்குப் போதாது. ஒற்றுமையாக இருக்கட்டும்.

3. வேலியை வெட்டுங்கள்.

கிளுவையும் கிளிரிசிடியாவும் அகத்தியும் சூபாபுல்லும் கலந்து நின்ற உயிர்வேலி பார்க்க அசிங்கம். வெள்ளாடு தரையில் குனிந்து மேய்வதைவிடத் தலையைத் தூக்கித் தழை கடிப்பதைத்தான் விரும்பும், அந்தத் தழைதான் கோடைக்குக் கை கொடுக்கும், கிளிரிசிடியா தென்னைக்கே தழையுரம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் கம்பிவேலியில் போட்டோ நன்றாக வரும்.

வெட்ட மனமில்லையா? சரி, எதிர்ப்பக்கம் போங்கள். சூபாபுல் ஒன்றையே மூன்று வேளையும் போடுங்கள். அதிலுள்ள மைமோசின் முடியை உதிர்க்கும், கழுத்தை வீங்க வைக்கும். அதனால்தான் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். மூன்றில் மூன்று போட்டுப் பார்த்தவர் நீங்களாக இருங்கள்.

4. கொட்டிலை மரத்தடியில் கட்டுங்கள்.

மூங்கில் பரண், மேலே சிமென்ட் ஷீட், அதற்கு மேலே குலை முற்றிய தென்னை. வெட்டுக்காரர் ஏறுகிற அன்றைக்கு ஆட்டை அவிழ்க்க வேண்டாம். காய் எங்கே விழ வேண்டும் என்று காய்க்குத் தெரியும்.

5. ஒரே சந்தையில், ஒரே நாளில், நூறையும் வாங்குங்கள்.

துண்டுக்குள் விரல் பிடித்துத் தரகர் பேசட்டும், உங்களுக்குப் புரியாமலே விலை முடியட்டும். தலைச்சேரி கொஞ்சம், கன்னி கொஞ்சம், போயர் கலப்பு என்று சொன்னது கொஞ்சம், விலை குறைவு என்று செம்மறி ஒரு முப்பது. ஏழெட்டு ஊர் மூக்குச்சளி ஒரே லாரியில் ஏறும். மூன்று வாரம் தனியாகக் கட்டி வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். தனியாகக் கட்ட இடமிருந்தால் அங்கேயும் பத்து ஆடு வாங்கியிருக்க மாட்டோமா? ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி ஒருமுறை போட்டால் மூன்று வருடம் தாங்கும். உலகத்தை விட்டே 2030-க்குள் அந்த நோயை விரட்டப்போவதாகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அவர்களே விரட்டும்போது உங்களுக்கு ஏன் ஊசிச் செலவு?

6. பனியோடு மேயவிடுங்கள்.

விடிந்ததும் கொட்டிலைத் திறந்துவிடுங்கள். வெட்டவெளியில் எட்டு மணிக்குப் புல் காய்ந்துவிடும். தோப்பு நிழலில் பத்து மணிவரை ஈரம் நிற்கும். இதுதான் தோப்பின் தனிச்சிறப்பு, வீணாக்கக் கூடாது. புழுக்கையோடு வெளியே வந்த குடற்புழு முட்டை ஒரு வாரத்துக்குள் குஞ்சு பொரித்து, புழுவாகி, அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு புல்நுனிக்கு ஏறி நிற்கும். ஆடு கடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கும்.

தோப்பைப் பத்துப் பட்டியாக வகுத்து, ஒன்றில் நாலு நாள் மேய்த்து அடுத்ததுக்கு மாற்றினால் அந்தப் புழு ஏமாந்துபோகும். புல்லும் மறுபடி தழைக்கும். பாவம், ஏமாற்றாதீர்கள். மொத்தத் தோப்பையும் வருடம் முழுக்கத் திறந்தே வையுங்கள். ஆடுகள் தமக்குப் பிடித்த புல்லை வேரோடு முடித்துவிட்டு, பிடிக்காத பார்த்தீனியத்தை உங்களுக்காக விட்டுவைக்கும். ஆறு மாதத்தில் தோப்பு பச்சைப்பசேலென்று இருக்கும். ஆடு மட்டும் எலும்பாக இருக்கும். ஏன் என்று வருகிறவர்கள் கேட்டால் "சாதி அப்படி" என்று சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் மறக்காமல் விடுங்கள். நானூறு குளம்பு ஈரமண்ணில் மிதித்தால் தரை நன்றாக இறுகி, அடுத்த மழை உள்ளே இறங்காமல் நேராக வாய்க்காலுக்குப் போய்விடும்.

7. எல்லா ஆட்டுக்கும், எல்லா மாதமும், ஒரே மருந்து.

கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தால் தெரியும்: ரத்தச் சிவப்பாக இருந்தால் ஆடு நன்றாக இருக்கிறது, வெளுத்திருந்தால் புழு ரத்தம் குடிக்கிறது. தாடைக்குக் கீழே தண்ணீர்ப்பை மாதிரி வீங்கியிருந்தால் கணக்கு முடியப்போகிறது. இதைப் பார்க்க நேரம் செலவழிக்காதீர்கள். எடை போடாதீர்கள். பெரிய ஆட்டுக்கும் சின்ன ஆட்டுக்கும் நடுவே ஏதோ ஓர் அளவை வைத்துக்கொண்டு, அதே அல்பெண்டசோல் புழுமருந்தை மாதாமாதம் ஊற்றிவாருங்கள். அரைகுறை அளவில் பிழைத்த புழுதான் பலசாலி. அதன் பிள்ளைகுட்டிகள் மருந்துக்கு அசையாது. நாட்டில் எந்த ஆராய்ச்சி நிலையமும் இவ்வளவு சிரத்தையாகப் புழு வளர்க்காது.

8. தென்னம்பிள்ளைகள் நிற்கிற பக்கம் வெள்ளாட்டை ஓட்டுங்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்து சாய்த்ததற்குப் பிறகு நட்ட பிள்ளைகள் உங்கள் தோப்பின் ஒரு பக்கம் நிற்கும். சாய்ந்த மரங்களை அறுத்து எடுக்கவே மாதக்கணக்கானது. கடன் வாங்கி நட்டவர்கள் பலர். அந்தப் பிள்ளைகளுக்கு இருப்பது ஒரே குருத்து. அது போனால் மரம் போனது. பக்கக்கிளை விட்டுப் பிழைக்க அது மாமரம் இல்லை. வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி நின்றால் ஆள் உயரத்துக்கு எட்டும். இரண்டையும் அறிமுகம் செய்துவைப்பது உங்கள் கடமை.

குருத்து எட்டாத உயரத்துக்குப் போகிறவரை அந்தப் பக்கம் புல்லை அறுத்துக் கொட்டிலில் போடலாம். மேய்த்தே ஆக வேண்டுமென்றால் செம்மறியை விடலாம், அது அவ்வளவாகத் தாவாது. அறுக்க ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலி வேண்டும். கஜாவே சாய்த்தது, ஆடு சாய்த்தால் என்ன?

9. அடிமரத்தில் ஆணி அடியுங்கள்.

கயிறு கட்டத்தான். வேம்பிலோ பூவரசிலோ அடித்தால் பட்டை வளர்ந்து மூடிவிடும்; தென்னைக்கு அந்த வசதி இல்லை, ஒருமுறை பட்ட காயம் மரம் சாகிறவரை காயமாகவே இருக்கும். சாறு வடியும், அந்த வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வந்து முட்டையிடும். உள்ளே குடைகிற சத்தம் மரத்தில் காதை வைத்தால் கேட்கும் என்பார்கள். காதை வைக்காதீர்கள்.

10. எருவை விற்றுவிடுங்கள்.

இந்தப் படி இல்லாவிட்டால் மற்றப் படிகளெல்லாம் வீண். ஏனென்றால் தோப்புக்குள் ஆடு என்பதன் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது: புல் மண்ணிலிருந்து எடுத்ததை ஆடு மண்ணுக்கே திருப்பிக் கொடுத்தால்தான் இந்த ஏற்பாடு பத்து வருடம் ஓடும். ஓடவிடக் கூடாது.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அறுவடை முடிந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சைப் பக்கம் வருவார்கள். பகலில் மேய்த்துவிட்டு ராத்திரி கேட்ட நிலத்தில் கிடை போடுவார்கள். நாளைக்குக் கிடை பத்தடி தள்ளி நகரும். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறங்கும். அள்ளுகூலி கிடையாது, வண்டிச் சத்தம் கிடையாது. நிலத்துக்காரர் அதற்குக் காசு கொடுப்பார், அல்லது நெல் அளப்பார். பள்ளிக்கூடம் போகாதவர்கள் செய்த ஏற்பாடு, விட்டுத்தள்ளுங்கள்.

உங்கள் ஆடுகள் ராத்திரி பரண்மேல் நிற்கட்டும். மூத்திரம் ஒரே இடத்தில் இறங்கி, கொட்டிலை ஒட்டிய நாலு மரத்தைக் கருக்கட்டும். மற்ற மரங்கள் வாசனையை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும். புழுக்கையை மூட்டை கட்டி லாரிக்காரருக்குக் கொடுங்கள். ஒரு மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம் போடச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஏக்கரின் 70 மரத்துக்கு மூன்றரை டன். அதோடு மரத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, இரண்டு தவணையாக. "அதான் ஆடு இருக்கே, தோப்புக்குத் தனியா உரம் எதுக்கு?" என்று சொல்லி இந்த யூரியாவையும் பொட்டாஷையும் நிறுத்துங்கள். எரு லாரியில் போகும், உரம் கடையில் நிற்கும். காய் சிறுத்தால் வெயில் ஜாஸ்தி என்று சொல்லுங்கள்.

லாரிக்காரர் வராத மாதங்களில் எருவைத் தோப்பு மூலையிலேயே குவியுங்கள். கிளறாதீர்கள், மூடாதீர்கள். காண்டாமிருக வண்டு முட்டையிட இதைவிட நல்ல இடம் கிடையாது. கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழு சுருண்டு சுருண்டு கிடக்கும். வண்டாகி மேலே போய்க் குருத்தைத் துளைத்தால், விரிகிற மட்டை கத்தரியால் வெட்டிய விசிறி மாதிரி வரும். அந்த ஓட்டை வழியாகக் கூன்வண்டும் உள்ளே போகும். குப்பையில் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைக் கலந்தால் புழு செத்துவிடும் என்பது ஊரறிந்த விஷயம். ஊரறிந்ததை நீங்கள் ஏன் செய்ய வேண்டும்?

11. போர்டோ ஊற்றிய அன்றைக்கே செம்மறியை மேயவிடுங்கள்.

தஞ்சாவூர் வாடல் நோய் நம் ஊர்ப் பெயரையே தாங்கிய நோய். அதற்கு ஒரு சதவீதப் போர்டோ கலவையை மரத்துக்கு 40 லிட்டர் வட்டப்பாத்தியில் ஊற்றுவார்கள். போர்டோ என்றால் மயில்துத்தம், மயில்துத்தம் என்றால் செம்பு. வெள்ளாடு ஓரளவு தாங்கும். செம்மறி தாங்கவே தாங்காது. உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் இதன் அழகு. செம்பு ஈரலில் வாரக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒருநாள் கண் மஞ்சளாகி, மூத்திரம் கறுத்து, மறுநாள் கால் நீட்டிவிடும். அதற்குள் போர்டோ ஊற்றியதே உங்களுக்கு மறந்துபோயிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கண்பட்டது என்று முடிவு கட்ட வசதி.

12. கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து வையுங்கள்.

வயிறு புளித்து, ராத்திரிக்குள் பத்து ஆடு போகும். செலவில்லாத தீவனம்.

13. கிடாவை மாற்றாதீர்கள்.

ராசியான கிடா. மகளோடும் சேரும், பேத்தியோடும் சேரும். குட்டி வருடத்துக்கு வருடம் சிறுத்தால் கைக்கு அடக்கம். ஆறு மாதப் பெட்டையையும் கிடாவோடு விடுங்கள். சினைக்காலம் ஐந்து மாதம்தான், தாயும் குட்டியும் சேர்ந்தே வளரட்டும்.

14. விற்பதில் அவசரம் வேண்டும்.

பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் ஆடிக்கும் ஊரே கிடா தேடும். அப்போது விற்காமல், ஐப்பசி கார்த்திகை மழையில் நீலநாக்கு வந்து செம்மறிகள் மூக்கொழுகி நொண்டத் தொடங்கியதும் விற்க ஓடுங்கள். தராசைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். உயிர் எடை போட்டால் வியாபாரிக்கு மனசு நோகும். கண்மதிப்பில் கொடுத்தால் அவர் உங்களை அண்ணே என்று கூப்பிடுவார். முதலில் நல்ல பெட்டைகளை விற்றுவிடுங்கள், அவைதான் விலை போகும். மிச்சமிருப்பவை தாமாகவே குறையும். காதில் வில்லை மாட்டிக் காப்பீடு செய்திருந்தால், செத்த ஆட்டைப் புதைத்துவிட்டு நாலு நாள் கழித்துத் தகவல் சொல்லுங்கள்.

15. இரண்டாம் தவணைக்குத் தயாராகுங்கள்.

மானியம் இரண்டு தவணையாக வரும், இரண்டாவதற்கு முன்னால் வந்து எண்ணிப் பார்ப்பார்கள். கொட்டிலில் இப்போது இருப்பது பதினொரு ஆடும் ராசியான கிடாவும். பயப்படாதீர்கள். அந்த வாரம் பக்கத்து வயலில் கிடை போட்டிருக்கும் கீதாரியிடம் போய், ஒரு ராத்திரிக்கு உங்கள் தோப்பில் அடைக்கச் சொல்லுங்கள். அவர் வருவார். கிடைக்கூலி கேட்பார், பேரம் பேசாமல் கொடுங்கள். அவருடையது அத்தனையும் செம்மறி, உங்கள் விண்ணப்பத்தில் இருப்பது வெள்ளாடு என்றால் வெளிச்சம் குறைவான நேரமாகப் பார்த்துப் போட்டோ எடுங்கள்.

விடிந்து அவர் மந்தையை ஓட்டிக்கொண்டு போனதும் தோப்பைப் பாருங்கள். மரத்தடியெல்லாம் புழுக்கை, கறுப்பு மிளகைக் கொட்டிய மாதிரி. இந்த வருடம் உங்கள் தோப்பு முழுக்கப் பரவி விழுந்த முதல் எரு. சட்டென்று ஆளை விட்டுக் கூட்டி அள்ளுங்கள், மூட்டைக்கு என்ன விலை என்று லாரிக்காரருக்குப் போன் போடுங்கள்.